உடைந்த அணையும் ஊரார் கணக்கும்

(மட்டாஞ்சேரி ஜூ டவுனில் நடைபெற்ற சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பகல் முழுவதும் மூட்டை சுமந்தும், சாரம் கட்டியும், துணி வெளுத்தும், தேநீர்க் கடையில் நின்றும் பாடுபட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். சென்ற கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார்: "ஊரில் கோயில் கும்பாபிஷேகம் என்றால் வசூல் செய்து அனுப்புகிறோம். அணை உடைந்தால் மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்? திரும்பக் கட்டுவதற்கு நம் சங்கம் நிதி திரட்டக் கூடாதா?" நல்ல மனதோடு கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணைச் சுவர் எழுப்ப நாம் காசு தர வேண்டியதில்லை. அது அரசின் கடமை. ஆனால் அந்தச் சுவருக்கு எவ்வளவு ஆயிற்று, எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள், பத்து ஆண்டு கழித்து அதன் ஷட்டர் சங்கிலிக்கு மசகு போட யார் பொறுப்பு என்று கேட்கிற உரிமை நம்முடையது. அந்த உரிமையைக் காப்பதற்கு நம் காசைச் செலவிடலாம், செலவிட வேண்டும். இது ஏன் என்பதை நடந்த சம்பவங்களைக் கொண்டே விளக்குகிறேன்.

குடகனாறு சொல்லும் பாடம்

உங்களில் பலருக்குத் திண்டுக்கல் பக்கம் ஊர். வேடசந்தூருக்கு அருகே அழகாபுரியில் இருக்கிற குடகனாறு அணையைப் பெரியவர்கள் அறிவார்கள். அந்த ஆறு அமராவதியில் கலந்து காவிரிக்குப் போகிறது. அந்த ஆற்றின் குறுக்கே மண் கரை போட்டு, நடுவில் ஷட்டர் வைத்துக் கட்டிய பாசன அணை அது. அடித்தளத்திலிருந்து கரையின் உயரம் 15.75 மீட்டர். கொள்ளளவு சுமார் 43 கோடி கன அடி. விநாடிக்கு 1,275 கன மீட்டர், அதாவது சுமார் 45,000 கன அடி வெள்ளம் வந்தால் தாங்கும் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள்.

1977 நவம்பரில் தமிழ்நாட்டைப் புயல் தாக்கியது. அன்று திண்டுக்கல் தனி மாவட்டம் இல்லை, மதுரை மாவட்டத்தில் இருந்தது. மழை கொட்டியது, ஆறு பெருகியது. அணையில் இருந்த ஊழியர்கள் ஓடி ஒளியவில்லை. நேரத்தோடு ஷட்டரைத் தூக்கினார்கள். பாதி தூக்கும்போது மின்சாரம் போய்விட்டது. மாற்று ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள். அதுவும் கை கொடுக்கவில்லை. கடைசியில் கையாலேயே சுற்றித் தூக்க முயன்றார்கள். தண்ணீர் காத்திருக்குமா? கரையின் தலை மேல் ஏறி, பின்சரிவில் அருவி போல் விழுந்து, மண்ணை அரித்துக்கொண்டு போனது. 20 மீட்டர் அகலத்தில் ஓர் உடைப்பு, 200 மீட்டர் அகலத்தில் ஓர் உடைப்பு என்று பல இடங்களில் கரை அறுந்தது.

அணையின் அஸ்திவாரம் கெட்டியாகத்தான் இருந்தது. அணையைக் கொன்றவை இரண்டு. ஒன்று, கணக்குக்கு மேல் வந்த வெள்ளம். இரண்டு, வேண்டிய நேரத்தில் திறக்காத ஷட்டர். மண் கரைக்கு எதிரி, அதன் மேல் வழியும் தண்ணீர்தான். கல் அணை மேல் வெள்ளம் வழிந்தால் தாங்கினாலும் தாங்கும்; மண் அணை தாங்காது. ஆகவே மண் அணையைத் திரும்பக் கட்டும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மிகுந்து வரும் நீர் போக வழி எவ்வளவு?

மோர்வி கற்றுக்கொடுத்தது

குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாவது அணை 1979 ஆகஸ்ட் 11 அன்று உடைந்தது. மோர்வி நகரமே அழிந்தது. இறந்தவர் 1,800 பேர் என்பாரும் உண்டு. அதற்குப் பல மடங்கு என்பாரும் உண்டு. பிணத்தை எண்ணுவதற்கே ஆள் இல்லாத கோரம். அந்த அணையின் நீர்ப்போக்கியை விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடிக்கு அமைத்திருந்தார்கள். வந்த வெள்ளமோ ஏறத்தாழ மூன்று மடங்கு. அங்கும் கதை இதேதான்: மண் கரை மேல் நீர் ஏறியது, கரை போனது.

அதைத் திரும்பக் கட்டியபோது வெள்ளம் வெளியேறும் திறனை முன்பிருந்ததைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்காக்கினார்கள். இங்கேதான் பணத்தின் கதை தொடங்குகிறது. பழைய அணையின் செலவுக் கணக்கை எடுத்து, விலைவாசி உயர்வைச் சேர்த்து, "இவ்வளவு கோடி இருந்தால் திரும்பக் கட்டிவிடலாம்" என்று சொல்வது தப்புக் கணக்கு. உடைந்த அணையை இருந்தபடியே திரும்பக் கட்டினால், அடுத்த வெள்ளத்தில் உடைவதற்காகவே கட்டுகிறோம் என்று பொருள். புதிய மழைக் கணக்கு வேண்டும், அகன்ற நீர்ப்போக்கி வேண்டும், மின்சாரம் போனாலும் திறக்கிற ஷட்டர் வேண்டும். கூடுதல் செலவு அத்தனையும் இந்த மூன்றில்தான் இருக்கிறது. மதிப்பீட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவதும் இந்த மூன்றுதான். கரையின் நீளத்தைக் குறைக்க முடியாது, அது கண்ணுக்குத் தெரியும். நீர்ப்போக்கியில் இரண்டு கண்ணைக் குறைத்தால் யாருக்குத் தெரியும்? வெள்ளத்துக்கு மட்டும்தான் தெரியும்.

நாம் கூடியிருக்கும் இந்தத் தெருவையே பாருங்கள். கிடங்குகள் பல இன்று பழம்பொருள் கடைகளாகிவிட்டன. என்றாலும் மிளகு வியாபாரம் என்றால் ஜூ டவுன் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. இந்தியாவின் மிளகு முன்பேரச் சந்தை 1957-இல் தொடங்கியது இங்கேதான். மூட்டையைச் சுமந்தவர்களுக்குத் தெரியும்: எந்த வியாபாரியாவது மூட்டையின் வாயை மட்டும் பார்த்து விலை பேசுவானா? குத்தூசியை நடு மூட்டையில் குத்தி, உள்ளே இருப்பதைக் கையில் கொட்டி, ஈரம் பார்த்து, பதர் பார்த்து, அதன் பிறகுதான் வாய் திறப்பான். ஒரு மூட்டை மிளகுக்கு இவ்வளவு சோதனை. ஓர் ஊரின் உயிரான அணைக்கு நாம் குத்தூசி எடுத்திருக்கிறோமா? ரிப்பன் வெட்டும் நாளில் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

சங்கிலி அறுந்த கதைகள்

2022 செப்டம்பர் 20 இரவு, பரம்பிக்குளம் அணையில் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது பெயர்ந்து விழுந்தது. எடைக்கல்லைத் தாங்கிய சங்கிலி அறுந்ததுதான் காரணம். அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். பராமரிப்பது தமிழ்நாடு. தண்ணீர் போவது பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர் பக்கத்து வயல்களுக்கு. சுமார் 6 டி.எம்.சி. தண்ணீர் சாலக்குடி ஆறு வழியாக வீணே போனது. அங்கே கரையோர மக்கள் வீட்டைக் காலி செய்யத் தயாராக நின்றார்கள். இங்கே விவசாயி வாய்க்காலைப் பார்த்துக் கண்ணீர் விட்டான். ஒரே சங்கிலி, இரண்டு மாநிலத்து மக்களுக்கும் துன்பம்.

2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்திரா அணையில் 33 மதகுகளில் பத்தொன்பதாவது மதகு அடித்துச் செல்லப்பட்டது. அங்கும் சங்கிலிதான் அறுந்தது. ஓய்வு பெற்ற பொறியாளர் கண்ணையா நாயுடுவை அழைத்து வந்து, ஓடுகிற தண்ணீரிலேயே தற்காலிகத் தடுப்பை இறக்கினார்கள். அந்தத் தொழிலாளர்களின் துணிச்சலை வணங்குகிறோம். ஆனால் துணிச்சலுக்கு ஏன் வேலை வந்தது? ஆண்டுதோறும் செய்திருக்க வேண்டிய பராமரிப்பு கைவிடப்பட்டால், அதன் செலவெல்லாம் ஒரே இரவில் வந்து கதவைத் தட்டும்.

முக்கொம்பும் தளவானூரும்

திருச்சி முக்கொம்பில், கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை. 2018 ஆகஸ்ட் 22 இரவு அதன் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. 182 ஆண்டு நின்ற அணை. பாறாங்கல்லும் மணல் மூட்டையும் போட்டு அடைத்துத் தற்காலிகமாகச் சரிசெய்ய சுமார் 39 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கொஞ்சம் கீழே புதுக் கதவணை கட்ட 387 கோடியே 60 லட்சம் ரூபாய். தற்காலிக வேலைக்கு மட்டும் நிரந்தர வேலையில் பத்தில் ஒரு பங்கு! அணை உடைந்த பிறகு கட்டுவதென்றால் இரண்டு முறை செலவு. முதல் செலவு ஆற்றோடு போய்விடும்.

முக்கொம்புக்குப் பணம் விரைவாக வந்தது. ஏன்? காவிரி டெல்டா பேசினால் கோட்டையில் கேட்கும். விழுப்புரத்தையும் கடலூரையும் ஒட்டித் தென்பெண்ணையில் தளவானூர் தடுப்பணை இருந்தது. 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு 2020-இல் திறந்தார்கள். 2021 ஜனவரியிலேயே ஒரு பக்கச் சுவர் போனது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் இன்னும் உடைந்தது. பொறியாளர்களைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். காட்டன் கட்டியது 182 ஆண்டு. நாம் கட்டியது சில மாதம். வெள்ளைக்காரனைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் வரி வசூலிக்கக் கட்டினான், ஆகவே நிற்கும்படி கட்டினான். நம் காலத்தில் சில வேலைகள் பில் வாங்குவதற்காகக் கட்டப்படுகின்றன; பில் பாஸாகும் வரை நின்றால் போதும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

அணையைத் திரும்பக் கட்டும் பணம் வருகிற வழிகள் சில. முதலாவது, மாநில வரவு செலவுத் திட்டத்தில் நீர்வளத் துறைக்கு ஒதுக்கும் நிதி. இரண்டாவது, நபார்டு வங்கி வழியாக வரும் ஊரகக் கட்டமைப்பு வளர்ச்சி நிதி. 1995-96 முதல் இருக்கிறது. வங்கிகள் விவசாயம் போன்ற துறைகளுக்குக் கொடுத்திருக்க வேண்டிய கடனைக் கொடுக்காமல் விட்ட பாக்கியில் உருவான நிதி அது. உழவனுக்கு நேராகப் போகாத பணம், அரசுக்குக் கடனாகிச் சுற்றி வருகிறது. மூன்றாவது, உலக வங்கிக் கடன். அணைகள் புனரமைப்பு மற்றும் மேம்பாட்டுத் திட்டம் 2012-இல் தொடங்கி, தமிழ்நாடும் கேரளமும் உட்பட ஏழு மாநிலங்களில் 223 அணைகளைச் செப்பனிட்டது. அடுத்த இரண்டு கட்டங்களுக்கு 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 10,211 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது, 736 அணைகள்.

இந்த வழிகளில் எதுவானாலும் கடைசியில் கட்டுகிறவன் யார்? கடன் என்றால் வட்டியோடு திருப்ப வேண்டும். அந்த வட்டி நம் வரியிலிருந்து போகிறது. தீப்பெட்டி வாங்கினாலும் வரி, செருப்பு வாங்கினாலும் வரி. ஆகவே "அரசு பணம்" என்று ஒன்று தனியாக இல்லை. கொச்சியில் உட்கார்ந்து சோப்பு வாங்குகிற நாமும் அந்த அணைக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. ஏற்கெனவே கொடுத்தவனிடம் மறுபடி உண்டியல் நீட்டக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்மில் 200 பேர் மாதம் 100 ரூபாய் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். 25 கோடி ரூபாய்த் தடுப்பணை ஒன்றைக் கட்ட இந்தப் பணம் சேர ஆயிரம் ஆண்டுக்கு மேலாகும். ஆனால் இதே 2 லட்சத்து 40 ஆயிரம், ஓர் ஊரின் வயல் வாய்க்கால்களைத் தூர்வாரவும், தகவல் கேட்டு மனுப் போடவும், மதிப்பீட்டின் நகல் வாங்கவும், விவரம் தெரிந்த பொறியாளர் ஒருவரை அழைத்துப் போய்க் காட்டவும் தாராளமாகப் போதும். சிறு காசு பெரிய சுவரில் காணாமல் போகும். கணக்குக் கேட்பதில் போட்டால் பெரிய சுவரைக் காக்கும்.

பங்கும் வெட்டியும்

"முன்பெல்லாம் ஊரே கூடிக் கரை போட்டதே, குடிமராமத்து என்று ஒன்று இருந்ததே" என்பார்கள். இருந்தது. அதைப் பெருமையாக மட்டும் பேசுவது பாதி உண்மை. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். உடைப்பு அடைக்கவும் வாய்க்கால் பணிக்கும் ஆட்கள் வந்தே தீர வேண்டும் என்று சட்டம். வழக்கமாக இருந்தது அதிகாரமாயிற்று. கூடை சுமந்தவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத ஏழைகள். தண்ணீர் பாய்ந்ததோ நிலமுள்ளவன் வயலில். உரிமை இல்லாமல் கொடுத்தால் அதற்குப் பங்களிப்பு என்று பெயர் இல்லை, வெட்டி என்று பெயர்.

அதற்கும் முன்னால் போனால், உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டு. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம். அதில் இடம்பெறச் சொந்த நிலம் வேண்டும்; நிலமில்லாதவனுக்கு இடமில்லை. அது அந்தக் காலத்தின் அநீதி. ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது. அந்த நிலத் தகுதியைத் தூக்கி எறிவோம். கணக்கு விதியை இன்றைக்கும் எடுத்துக்கொள்வோம்.

சுதந்திரத்துக்குப் பின், 1955-இல் மேம்பாட்டு வரிச் சட்டம் வந்தது. பாசனத் திட்டத்தால் நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் நிலமுடையவர் ஒரு பங்கைத் தர வேண்டும் என்பது அதன் கொள்கை. 2017-இல் குடிமராமத்தை அரசு மீண்டும் தொடங்கியபோது பாசனதாரர் பங்கு பத்து சதவீதம் என்றார்கள். பங்கு கேட்பதில் தப்பில்லை. நிலத்தின் அளவுக்கு ஏற்பக் கேளுங்கள். அரை ஏக்கர்க்காரனிடமும் ஐம்பது ஏக்கர்க்காரனிடமும் ஒரே தொகை கேட்காதீர்கள். பங்கு வாங்கினால் வரவு செலவை ஊர் நடுவில் பலகையில் எழுதுங்கள். பங்கு கொடுத்தவன் கேள்வி கேட்டால் "நீ யார்?" என்று திருப்பிக் கேட்காதீர்கள்.

கணக்கில் வராதவர்கள்

தோழர்களே, இதுதான் நம் விஷயம். பாசனத் திட்டத்துக்கு அனுமதி தரும்போது வரவையும் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒரு ரூபாய் செலவுக்கு ஒன்றரை ரூபாய் பலன் இருக்க வேண்டும். வறட்சிப் பகுதி என்றால் ஒரு ரூபாய் இருந்தால் போதும் என்பது விதி. பலன் என்று எழுதுவது விளைச்சலை. நெல் எத்தனை குவிண்டால், கரும்பு எத்தனை டன் என்று எழுதுவார்கள். நாற்று நட்ட பெண்ணின் கூலி எத்தனை நாள் போயிற்று, குத்தகைக்காரன் எத்தனை போகம் இழந்தான், எத்தனை பேர் ரயிலேறி எர்ணாகுளம் வந்தார்கள் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. பயிர் நிவாரணம் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும். வாய்மொழிக் குத்தகைக்காரனுக்குக் கையில் காகிதம் ஏது? கூலியாளுக்குக் காகிதமே கிடையாது.

1986 ஏப்ரல் 20 அதிகாலையில், இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் உடைந்தது. பழங்காலத்து மாபெரும் பாசனக் குளம். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வீடுகளும் நெல் வயல்களும் போயின. குளக்கரையைப் பின்னர் கட்டினார்கள். கரையைக் கட்டிவிடலாம், குடும்பத்தைக் கட்டுவது கடினம். தண்ணீர் இல்லாத இரண்டு ஆண்டில் ஊரை விட்டுப் போனவன், மூன்றாம் ஆண்டு தண்ணீர் வந்தாலும் திரும்புவதில்லை. கடன் வாங்கி வந்திருப்பான். பிள்ளை இங்கே பள்ளியில் சேர்ந்திருக்கும். ஆகவே அணை கட்டும் காலத்தையும் செலவாகவே கணக்கிட வேண்டும். ஓராண்டு தாமதம் என்றால் எத்தனை குடும்பம் என்று கேட்க வேண்டும்.

குடகனாற்றுக்கே திரும்பிப் பாருங்கள். அணையை மறுபடி கட்டினார்கள், இன்றும் நிற்கிறது. ஆனால் மேலே ஆத்தூர்ப் பக்கத்தில், நரசிங்கபுரம் ராஜவாய்க்கால் பிரிவில் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்ற தகராறு ஆண்டுக்கணக்கில் நீண்டு, அரசு வல்லுநர் குழு அமைக்கும் நிலை வரைக்கும் போனது. அணை இருந்தும் ஆற்றில் நீர் வராவிட்டால் அரவக்குறிச்சிக்காரன் என்ன செய்வான்? திரும்பக் கட்டும் திட்டத்தில் சுவரின் வரைபடத்தோடு, மேல்மடையும் கடைமடையும் கையெழுத்திட்ட நீர்ப்பங்கீடும் சேர்ந்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் பயம்

இங்கே அணை என்று சொன்னால் உடனே முல்லைப் பெரியாறு என்பார்கள். அதைப் பேசாமல் போனால் நான் பயந்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். 1895-இல் கட்டிய அணை. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்குச் சோறு போடுகிறது. மோர்வி உடைந்த அதே 1979-இல் இங்கே அச்சம் எழுந்தது. நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்து, பலப்படுத்தும் வேலையைத் தமிழ்நாடு தன் செலவில் செய்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. வழக்கும் வாதமும் இன்னும் ஓயவில்லை.

நான் சொல்வது இவ்வளவுதான். உழவனின் தண்ணீர் உரிமை நியாயம். அணைக்குக் கீழே தூங்குகிற குடும்பத்தின் பயமும் பயம்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை நாமும் அவர்களோடு சேர்ந்துதான் அனுபவித்தோம். ஒரே முகாமில் படுத்தோம், ஒரே பானைக் கஞ்சியைக் குடித்தோம். இந்த இரண்டையும் சண்டைக்கு விட்டு அரசியல் வியாபாரம் செய்கிறவர்கள் இரு மாநிலத்திலும் உண்டு. அந்த வியாபாரத்துக்கு நாம் மூட்டை சுமக்கக் கூடாது. அளவுக் கருவிகளின் விவரத்தை இரு மொழியிலும் அன்றன்று வெளியிடு என்று கேட்போம். உண்மை வெளியே இருந்தால் வதந்திக்கு இடமிராது.

நாம் செய்ய வேண்டியவை

2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரையில் சில நிபந்தனைக்கு உட்பட்டவையும் அதில் அடங்கும். பராமரிப்புக்குத் தனியாகப் போதிய நிதி ஒதுக்க வேண்டும், ஆபத்துக்கால நடவடிக்கைத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று அணையின் உரிமையாளருக்கு அது கட்டளையிடுகிறது. நல்லது. ஆனால் தளவானூர் போன்ற தாழ்ந்த தடுப்பணைகளும், கண்மாய்க் கரைகளும், கலிங்குகளும் அந்த உயர அளவுக்குள் வருவதில்லை. ஏழையின் அணை பெரும்பாலும் உயரமில்லாத அணை. சட்டத்தின் கண்ணுக்கு அது தெரியாது. நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே ஐந்து காரியங்களை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று. சங்கம் அணைச் சுவருக்கு உண்டியல் தூக்காது. அரசு கட்ட வேண்டியதை அரசே கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்கும்.

இரண்டு. உறுப்பினர்கள் தத்தம் ஊரில் உடைந்து கிடக்கும் அணை, தடுப்பணை, கலிங்கு, மதகு ஆகியவற்றின் பட்டியலைத் தர வேண்டும். எந்த ஆண்டு உடைந்தது, எத்தனை ஏக்கர் பாய்ந்தது, எத்தனை குடும்பம் வெளியேறியது என்று எழுத வேண்டும். அரசின் படிவத்தில் இல்லாத பத்தியை நாம் எழுதுவோம்.

மூன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. மதிப்பீடு எவ்வளவு, எந்த வெள்ளத்துக்கு வடிவமைத்தார்கள், ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலம் எத்தனை ஆண்டு, பராமரிப்புக்குத் தனி ஒதுக்கீடு உண்டா என்று நான்கு கேள்வி கேட்டு மனுப் போடுவோம். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க நம்மிடம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான்கு. கிராம சபை மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் கூடுகிறது. அன்றைக்கு ஊருக்கு ஓர் ஆளையாவது அனுப்ப வேண்டும். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் போகிறோம். தண்ணீருக்காக ஒரு நாள் போகக் கூடாதா? போகிறவரின் வழிச்செலவையும் அன்றைய கூலியையும் சங்கம் தரட்டும். நிதி திரட்டுவது என்றால் இதற்குத் திரட்டுங்கள்.

ஐந்து. திரும்பக் கட்டும் வேலையில் உள்ளூர்க் கூலியாளுக்கு முதலிடம் வேண்டும். சாரம் கட்டவும் கம்பி வளைக்கவும் கான்கிரீட் போடவும் கொச்சியில் கற்றுக்கொண்ட கைகள் நம்முடையவை. மெட்ரோ ரயில் தூண் நிறுத்திய கைக்குச் சொந்த ஊர்க் கலிங்கு கட்டத் தெரியாதா? கலவையில் சிமென்ட் குறைந்தால் முதலில் கண்டுபிடிக்கிறவன் அதைக் கலக்கிறவன்தான். அவனே ஊர்க்காரனாக இருந்தால், பொய்க் கலவை எளிதில் உள்ளே போகாது.

நம்மை ஊர் மறந்துவிட்டது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். ஊரின் கணக்குப் புத்தகத்தில் நம் பெயர் இல்லை, அவ்வளவுதான். மாதாமாதம் கைபேசியில் அனுப்புகிற பணத்தால் அடுப்பு எரிகிறது, பிள்ளை படிக்கிறது, வட்டி கட்டுகிறது. அந்த ஊருக்குத் தண்ணீர் எப்படி வர வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு?

பட்டியல் எழுதும் நோட்டு மேசை மேல் இருக்கிறது. போகும்போது ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பெயரையும், அங்கே உடைந்து கிடப்பதையும் எழுதிவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டு முடிக்கிறேன்.